நூலுக்கு வேலியிடல் முறையோ?

தன் சமயத்தில் உறுதியுடையவனுக்குத் தன் சமய நூல்களே போதும். பிறர் சமயத்து நூல்களையும், சமயம் சாராத காதற் பாட்டுகளையும் கற்பதனால் காலம் வீணாவதோடு நெஞ்சமும் கலங்கும் என்னும் கருத்துத் தமிழுலகில் இன்று நேற்றுத் தோன்றியது அன்று. அக்கருத்து இன்றும் மறையவில்லை. சீறாப்புராணத்தை நடத்தும் ஆசிரியரைப் பார்த்து, 'இஃது எதற்கு?' என்று கேட்கும் சைவப் பெற்றோர் உளர். கம்பராமாயணத்தைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடும் முசுலிம் மாணவரும் கிறித்துவ மாணவரும் உளர். குறுந்தொகையைச் சிறுவர்க்குச் சொல்லலாகாது என்று கூசும் ஆசிரியரும் உளர். இவர்கள் யாவரும் தீய எண்ணமுடையவர் அல்லர். தத்தம் மக்களையும் தத்தம் நம்பிக்கையையும் காக்க விழைபவரே. ஆயினும், காக்கும் பொருட்டு இவர்கள் எடுக்கும் வேலி காக்க வேண்டியதையே அழித்துவிடும் என்பதை எடுத்துக்காட்டுதல் தமிழாசிரியர் கடனாகும்.

மறுப்பாரின் தலைவர்

ஒரு கொள்கையை மறுக்கப் புகுவோர் அதனை மிக வலிமையாக உரைத்தவரிடமிருந்து தொடங்குதலே நேர்மை. அவ்வகையில் முன்னிறுத்தத் தக்கவர் பதினேழாம் நூற்றாண்டினராகிய ஈசான தேசிகர் என்னும் சுவாமிநாத தேசிகர். திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்த இப்பெரும்புலவர், தாம் இயற்றிய இலக்கணக்கொத்தின் உரையில், சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை, பத்துப்பாட்டு, எட்டுத்தொகை முதலிய நூல்களைப் படித்து வாழ்நாளை வீணாக்குவோரை நொந்து பேசுகின்றார். திருவாசகம் போன்ற அருள்நூல்கள் இருக்க, அவற்றை விடுத்து இவற்றில் உழல்வது பேதைமை என்பது அவர் கருத்து.

இக்கூற்றை எள்ளி நகையாடுதல் எளிது, எதிர்கொள்ளுதலே அரிது. வாழ்நாள் சிலவே, நூலோ பல, உயிர் உய்யும் வழியைக் காட்டும் நூலை முற்படக் கற்றல் வேண்டும் என்பதில் யாது பிழை? பற்றுடையவன் ஒருவன் இவ்வாறு நினைப்பது இயற்கையே. ஆனால், தேசிகரின் வழிவந்தோர் செய்தது யாது? அவருடைய மாணாக்கராகிய சங்கரநமச்சிவாயப் புலவர் நன்னூலுக்கு விருத்தியுரை வரைந்தார். அவ்வுரையைத் திருத்திப் பெருக்கியவர் அதே ஆதீனத்து மாதவச் சிவஞான முனிவர். நன்னூலின் ஆசிரியர் பவணந்தி முனிவரோ சமணர். சைவ மடத்தின் தலைசிறந்த அறிஞர் இருவர், சமண முனிவர் ஒருவரின் நூலுக்கு உரையும் திருத்தமும் செய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்டனர். அதனால் அவர்களுடைய சைவம் தேய்ந்ததா? சிவஞானபோதத்திற்குப் பேருரை கண்டவரும் அச்சிவஞான முனிவரே அல்லரோ? கொள்கையளவில் எழுப்பிய வேலியை அம்மடத்தின் கல்வியே தாண்டிச் சென்றது.

சேக்கிழாரைச் சான்று காட்டுவோர்

இனி, பெரியபுராணம் பிறந்த வரலாற்றைச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. சோழ மன்னன் அனபாயன் சீவகசிந்தாமணியில் தோய்ந்திருந்தான் என்றும், அமைச்சராகிய சேக்கிழார் அது பொய்ந்நூல் என்று இடித்துரைத்தார் என்றும், அடியார் வரலாற்றைப் பாடித் தந்து மன்னன் மனத்தை மாற்றினார் என்றும் சேக்கிழார் புராணம் கூறும். 'சேக்கிழாரே சமண நூலை விலக்கினார். ஆகவே விலக்குதலே முறை' என்பது இவர்கள் வாதம்.

இவ்வரலாற்றை உள்ளவாறே ஏற்றுக்கொண்டாலும் அது சொல்வது வேறு. மன்னன் கையிலிருந்த சுவடியைச் சேக்கிழார் பறித்து எரித்தார் என்று அவ்வரலாறு கூறவில்லை. நூலுக்கு நூலால் விடை தந்தார் என்றே கூறுகின்றது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைப் பாடும் உழைப்பை மேற்கொண்டார். பிறர் நூலின் சுவையை அறியாதவன் அதனினும் சுவைமிக்க நூலை எவ்வாறு படைப்பான்? சேக்கிழார் பெயரைச் சொல்லிக்கொண்டு சிந்தாமணியையும் படியாமல், பெரியபுராணத்தையும் முழுதும் படியாமல் இருப்போர்க்கு அவ்வரலாறு எவ்வகையில் துணை நிற்கும்?

நச்சினார்க்கினியரையும் இங்கு நினைத்தல் தகும். மதுரையைச் சார்ந்த அச்சைவ உரையாசிரியர் சிந்தாமணிக்கு உரை எழுதியபோது, முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்கவில்லை என்றும், அவர் சமண நூல்களை முறையாகப் பயின்று மீண்டும் எழுதினார் என்றும் ஒரு செய்தி வழங்கிவருகின்றது. அது வழிவழிச் செய்தியே ஆயினும், பிறர் நூலைக் கற்கும் முறை யாது என்பதைத் தமிழர் எவ்வாறு எண்ணினர் என்பதற்கு அது போதிய சான்றாகும். பிறர் நூலைப் பிறர் உள்ளத்தின் வழியே நின்று அறிதல் வேண்டும் என்பதே அம்முறை.

குடந்தையில் கேட்ட வினா

இவ்வழக்கில் தீர்ப்புப் போல் நிற்கும் நிகழ்ச்சி 1880-ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் நிகழ்ந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றுத் தேர்ந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூர்க்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் கற்றீர் என்று முதலியார் வினவினார். அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் என்று ஐயர் நீண்ட பட்டியலை அடுக்கினார். அப்பட்டியல் முதலியாரை வியப்பில் ஆழ்த்தவில்லை. சிந்தாமணியையும் மணிமேகலையையும் படித்ததுண்டா என்றே அவர் கேட்டார். அவற்றைக் கற்பிப்பாரும் இல்லை. ஏடுகளும் எளிதில் கிடைத்தில. சைவக் கல்விச் சூழலில் வளர்ந்த அப்பெரும்புலவர்க்கே பழந்தமிழின் பெரும்பகுதி மறைந்திருந்தது என்பதை அவ்வொரு வினா வெளிப்படுத்திவிட்டது.

அதன்பின் ஐயர் செய்தவற்றை ஒவ்வோர் ஆசிரியரும் மாணவர்க்குச் சொல்லுதல் வேண்டும். சிந்தாமணியில் வரும் சமணக் கருத்துகள் விளங்காதபோது, அவர் கும்பகோணத்துச் சமணர்களின் இல்லங்களுக்கே சென்று கேட்டறிந்தார். அங்கே அந்நூல் தெய்வ நூலாகப் பாராயணம் செய்யப்பட்டு வருவதைக் கண்டார். சைவ மடத்தில் பயின்ற அந்தணர் ஒருவர் சமணக் குடும்பத்தாரிடம் பாடங் கேட்டமையால் 1887-இல் சீவகசிந்தாமணி அச்சேறியது. தொடர்ந்து 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் வெளிவந்தன. சமண நூலைச் சைவர் பதிப்பிக்கலாமோ என்று முணுமுணுத்தவர் அன்றும் இருந்தனர். அவர்தம் சொல்லுக்கு ஐயர் செவிசாய்த்திருந்தால் தமிழர்க்கு இன்று எஞ்சியிருப்பது எது? ஐயரோ தம் இறுதிவரை தம் வழிபாட்டையும் ஆசாரத்தையும் கைவிட்டாரல்லர். பிறர் நூலைக் கற்றால் பற்றுக் கெடும் என்போர் இதற்கு விடை கூறுதல் வேண்டும்.

வேலியைப் பற்றி யூதர் நடத்திய வழக்கு

இவ்வழக்குத் தமிழர்க்கு மட்டும் உரியது அன்று. பினாங்குத் துறைமுகத்து மக்களுக்கு இதற்கு ஓர் அண்டைச் சான்று உண்டு. இன்று சாலான் சைனல் அபிடின் எனப்படும் தெரு முன்னாளில் யூதர் தெரு என்று வழங்கியது. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த யூதர் கல்லறைகள் இன்றும் உள்ளன. அவர்களுடைய தொழுகைக்கூடம் நாகூர் சாலையில் இருந்தது. கூட்டுத் தொழுகைக்கு வேண்டிய பத்து ஆடவர் சேராத நிலையில் 1976-இல் அது மூடப்பட்டது. நூலையே தாயகமாகக் கொண்டு உலகெங்கும் வாழ்ந்த அம்மக்கள், புறச்சமய நூல்களையும் உலகியல் நூல்களையும் கற்கலாமா என்னும் வினாவை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ளனர்.

அவர்களுடைய மிசுனா என்னும் பழந்தொகுப்பில், புறநூல்களைப் படிப்பவனுக்கு மறுமையிற் பங்கில்லை என்னும் கருத்து இரப்பி அக்கிவாவின் பெயரால் காணப்படுகின்றது. இதனினும் கடுமையான வேலி வேறில்லை. ஆனால், அதற்கு விளக்கம் கூறும் எருசலேம் தால்முதோ, ஓமருடைய நூல்கள் எனப் பலரும் கருதும் நூல்களைப் படிப்பது கடிதம் ஒன்றைப் படிப்பது போன்றதே என்று தளர்த்துகின்றது. 1305-இல் பார்சிலோனாவின் யூத அறிஞர்கள், இருபத்தைந்து வயது நிரம்பாதவர் கிரேக்க மெய்யியலைக் கற்றலாகாது என்று தடை விதித்தனர். அவர்களே அக்கல்வியை எஞ்ஞான்றும் ஒழிக்கவில்லை. வயது வரம்பே இட்டனர். பதினாறாம் நூற்றாண்டின் சட்டத்தொகுப்பாளர் யோசேப்பு காரோ, உலகியற் பாட்டுகளையும் போர்க்கதைகளையும் படிப்பதை விலக்கினார். அவர் காலத்துப் போலந்து அறிஞர் மோசே இசெர்லெசு, போர்க்கதைகளும் பொதுப்பேச்சும் தம் புனித மொழியாகிய எபிரேயத்தில் இருப்பின் படிக்கலாம் என்னும் கருத்தை அதனருகே எழுதிவைத்தார். மொழியின் பெருமை பொருளின் குறையைப் பொறுக்கச் செய்தது.

மறுபுறம், பன்னிரண்டாம் நூற்றாண்டின் மைமோனிடிசு, உண்மையை யார் உரைப்பினும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். அறிவுடைமை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறியும் அதுவே. செருமனியில் வாழ்ந்த சாம்சன் இரபேல் இர்சு என்னும் சமயத் தலைவர், 1859-இல் கவிஞர் சில்லரின் நூற்றாண்டையொட்டித் தம் பள்ளியில் அவரைப் போற்றி உரையாற்றினார். இருபதாம் நூற்றாண்டில் அகரோன் இலிக்டன்சுடைன் என்னும் இரப்பி ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் ஆய்வுப்பட்டம் பெற்றார். கிறித்துவ இறையியலறிஞர் ஒருவரைப் பற்றியதே அவ்வாய்வு. பின்னர் அவர் யூத சமயக் கல்லூரி ஒன்றன் தலைவராகப் பல்லாண்டு விளங்கி, பேரிலக்கியம் மனித உள்ளத்தின் ஆழத்தைக் காட்டுவதால் இறையன்புக்கும் துணையாகும் என்று கற்பித்து, 2015-இல் மறைந்தார்.

இவ்வழக்கில் ஒரு நுட்பம் உண்டு. புறநூல்களை அத்துணைக் கடுமையாகச் சாடிய அதே அக்கிவாதான், உன்னதப்பாட்டு என்னும் காதற் பாடலை மறைநூலினின்று நீக்கலாமா என்ற ஐயம் எழுந்தபோது, மறைகள் யாவும் தூயன எனினும் அதுவே தூயவற்றுள் தூயது என்று முழங்கினார். காதலின் மொழியை அறியாதவன் அப்பாடலின் பக்தியை எவ்வாறு அறிவான்?

அகத்தை விலக்கினால் அருளும் விலகும்

இந்நுட்பமே தமிழுக்கும் பொருந்தும். அகப்பாடல் சிறுவர்க்கு ஆகாது என்போர், மாணிக்கவாசகரின் திருக்கோவையாரை என்செய்வர்? அது முழுதும் அகத்துறைகளால் அமைந்தது. தலைவன், தலைவி, தோழி, களவு, கற்பு என்பனவற்றை அறியாதவனுக்கு அந்நூலின் முதல் வாயிலே திறவாது. நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் தலைவி கூற்றாகப் பாடிய பாசுரங்களின் நிலையும் அதுவே. குறுந்தொகையையும் ஐங்குறுநூற்றையும் சமயப்பற்றின் பெயரால் மூடுவோர், அச்சமயத்தின் அருள்நூல்களுக்கே உரிய திறவுகோலைக் கடலில் எறிகின்றனர். ஈசான தேசிகர் போற்றிய அருளாசிரியரை அறிவதற்கே, அவர் வீண் என்ற எட்டுத்தொகை வேண்டும்.

இசுலாமியத் தமிழுக்கும் கிறித்துவத் தமிழுக்கும் இஃது ஒக்கும். உமறுப்புலவரின் சீறாப்புராணம் நாட்டுப்படலத்தோடும் நகரப்படலத்தோடும் தமிழ்க் காப்பிய மரபில் நடை பயில்கின்றது. அரபு நாட்டு வரலாற்றைப் பாட வந்தவர் தமிழ் மருதத்தின் வளத்தையே பாடினார். வீரமாமுனிவரின் தேம்பாவணியும் அம்மரபினதே. சிந்தாமணியையும் கம்பனையும் கல்லாத முசுலிம் மாணவர் உமறுவின் உயரத்தை அளந்தறிதல் இயலாது. கிறித்துவ மாணவர் வீரமாமுனிவரின் உழைப்பையும் உணர்தல் இயலாது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த அம்முனிவர், அதனைக் கற்றதனால் தம் சமயத்தை விட்டு நீங்கவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கிய மு. மு. இசுமாயீல் கம்பனில் தோய்ந்து நூல்கள் எழுதினார். சென்னைக் கம்பன் கழகத்தையும் வழிநடத்தினார். அவரும் தம் மார்க்கத்தில் வழுவினாரல்லர்.

வேலி சமயத்தார் மட்டும் இடுவதும் அன்று. 1943-இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் தீக்கிரையாக்க வேண்டும் என்று பகுத்தறிவு இயக்கத்தார் முழங்கினர். அறிஞர் அண்ணா ஒருபுறமும், ரா. பி. சேதுப்பிள்ளை, நாவலர் சோமசுந்தர பாரதியார் ஆகியோர் மறுபுறமும் நின்று அவ்வாண்டு சொற்போர் புரிந்தனர். அவ்வழக்கில் ஓர் உண்மை மறக்கப்படுகின்றது. கம்பனைத் தாக்கிய அண்ணா கம்பனைக் கற்றுத்தான் தாக்கினார். இன்று அவர் பெயரைச் சொல்லிக் கம்பனை ஒதுக்குவோரும் கம்பனைக் கற்றதில்லை. சேக்கிழார் பெயரைச் சொல்லிச் சிந்தாமணியை ஒதுக்குவோரும் சிந்தாமணியைக் கற்றதில்லை. இரு சாராரும் எதிரெதிர்த் திசையில் நின்று ஒரே அறியாமையை வளர்க்கின்றனர்.

பினாங்கின் மரபு யாது?

இவ்வேலி எங்கேனும் பொருந்தலாம். பினாங்கில் சிறிதும் பொருந்தாது. 1816-இல் ஆங்கிலத் திருச்சபைக் குரு இராபர்ட் அச்சிங்சு நிறுவிய பினாங்கு இலவசப் பள்ளியிலேதான் மலேசியத் தமிழ்க் கல்வி தன் தொடக்கத்தைக் காண்கின்றது. 2016-இல் இந்நாட்டுத் தமிழர் கொண்டாடிய இருநூற்றாண்டு அதனையொட்டியதே. தமிழ்க் குழந்தைகளுக்கு முதற்பலகை இட்ட இடம் கிறித்துவக் குருவின் பள்ளி என்பதற்காக அத்தமிழை விலக்கியவர் எவரும் இலர்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவில் நடப்பவர் கண்ணுக்கு இம்மரபு வெளிப்படை. தமிழ் முசுலிம்களின் பள்ளிவாசலும், சீனரின் குவான் யின் கோயிலும், புனித சார்ச்சு தேவாலயமும் அத்தெருவை ஒட்டி நிற்கின்றன. அருகே குயின் தெருவில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயில் உள்ளது. சூலியா தெருவிலே நாகூர்ப் பெயர் தாங்கிய தருகா உள்ளது. நடையளவில் அடங்கும் இந்நிலத்தில், ஒருவர் வாயிலை ஒருவர் அடைத்ததில்லை. நூல்களின் வாயிலை மட்டும் அடைப்பானேன்?

நாகூரிலிருந்து வந்து இத்துறைமுகத்தில் வித்தியா விசாரிணி என்னும் இதழின் ஆசிரியராக விளங்கிய குலாம் காதிறு நாவலரின் வாழ்வே இதற்கு முடிவான விடை. 1833 முதல் 1908 வரை வாழ்ந்த அம்முசுலிம் புலவர், திருவாவடுதுறை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். நாகூர் ஆண்டவர் புகழைப் பாடிய நாவே மதுரைத் தமிழ்ச் சங்கத்திலும் முழங்கியது. சைவராகிய ஆசிரியரோ, கிறித்துவராகிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் மீது குளத்தூர்க் கோவை பாடியவர். கற்பித்தவரும் மதம் பார்த்திலர். கற்றவரும் மதம் பார்த்திலர். இருவரும் தத்தம் மதத்தில் உறுதியாகவே நின்றனர்.

ஆசிரியர் செய்யத் தக்கது

எஞ்சியிருப்பது காலம் பற்றிய தடையே. வாழ்நாள் குறுகியது என்று ஈசான தேசிகர் சொன்னால் அது பொருளுடைய சொல். அவர் எஞ்சிய பொழுதை அருள்நூலில் செலவிட்டார். கைப்பேசித் திரையில் பொழுதெல்லாம் கரைப்போர் அதனைச் சொன்னால் அச்சொல்லுக்கு மதிப்பில்லை. மணிமேகலைக்கு நேரமில்லை என்பவர் திருவாசகத்தையும் திறந்ததில்லை என்பதே வகுப்பறைகளில் காணும் உண்மை. வேலியிட்டவர் உள்ளேயும் பயிர் செய்யவில்லை.

இந்நாட்டில் தமிழிலக்கியத்தைத் தேர்வுப்பாடமாக எடுத்துக் கற்கும் மாணவர் சிலரே. அச்சிலரையும் சமயத்தால் கூறுபோட்டு, உனக்கு இந்நூல், அவனுக்கு அந்நூல் என்று பிரித்துக் கொடுத்தால், நாளை எந்நூலுக்கும் படிப்பார் இலர் என்னும் நிலை எய்தும். சிந்தாமணி சமணர்க்கே உரியது என்று விட்டிருந்தால், சமணர் அருகிய தமிழகத்தில் அந்நூலும் மறைந்திருக்கும். சீறாப்புராணம் முசுலிம்களுக்கே, தேம்பாவணி கிறித்துவர்க்கே என்று இன்று விடுவோர் அவற்றிற்கும் அக்கதியைத் தேடித் தருகின்றனர்.

ஆதலின் ஆசிரியப் பயிற்சி பெறும் ஒவ்வொருவரும், தம் சமயம் சாராத தமிழ்ப் பெருநூல் ஒன்றனையேனும் முழுதுறக் கற்றல் வேண்டும். கற்பதோடு அமையாது, உ. வே. சா. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்றதுபோல், அந்நூலைப் போற்றும் மக்களிடமே சென்று ஐயம் கேட்டுத் தெளிதல் வேண்டும். திருவாசகத்தை மனப்பாடம் செய்த மாணவி சீறாப்புராணத்தின் அரபுச் சொற்களுக்குப் பொருள் கேட்கச் செல்லட்டும். சீறாப்புராணம் பயின்ற மாணவன் கம்பனின் சொல்லுக்குப் பொருள் கேட்கச் செல்லட்டும். வழிபாட்டு முறையை அவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. பொருள் கேட்டால் போதும். பினாங்கில் அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதும் இல்லை. பள்ளி மணி அடித்தபின் ஒரு தெருவைக் கடந்தால் போதும்.